தேவராசா அத்தானின் சிவப்புக் கோடு

என் அக்கா ஸ்ரெல்லாவின் புருசன் தேவராசா தன் வீட்டுக் கேபிள் வயரை வெட்டியபோது என் வீட்டு ரீவியும் சேர்ந்து செத்துப்போனது. காரணத்தைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. குருநகரில் எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு மதில்தான். அக்கா வீட்டுக்கு வந்த கேபிளில் ஒரு கிளை எடுத்து, மதிலுக்கு மேலால் கொண்டுவந்து, முருங்கை மரத்தில் ஒரு சுற்றுச் சுற்றி, என் தையல் மெசினுக்குப் பக்கத்து ஜன்னலால் உள்ளே விட்டிருந்தோம். கேபிள் நடத்திய லெனாட்டுக்கு அது தெரியும். அவனுடைய தாய்க்குச் சட்டை தைத்துக் கொடுப்பவள் நான். ஆகையால் அந்த வயர் அவன் கண்ணில் ஒருநாளும் பட்டதில்லை.

நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்த இந்த ஏற்பாட்டைக் கெடுத்தது அத்தானின் கொள்கை. கொள்கை உள்ள ஆம்பிளைக்குப் பக்கத்து வீட்டில் இருந்து பாருங்கள், அப்போது தெரியும் என் பாடு.

அத்தானுக்குக் கம்பனி என்றால் ஆகாது. எந்தக் கம்பனி என்று கேட்கத் தேவையில்லை. போன் கம்பனி, காப்புறுதிக் கம்பனி, சவர்க்காரக் கம்பனி எல்லாம் ஒரே கள்ளக் கூட்டம் என்பார். இளந்தாரி வயதிலிருந்து கடலுக்குப் போனவர். ஒரு சம்மாட்டியிடமும் கூலிக்கு நின்றதில்லை. சொந்த வள்ளம், சொந்த வலை, சொந்த வாய். அந்த வாயால்தான் அரைவாசிப் பகை. முழங்கால் தேய்ந்த பிறகு வள்ளத்தைக் கைவிட்டார். இப்போது துறையில் இருந்து மற்றவர்களின் வலையைப் பொத்திக் கொடுத்துக்கொண்டு, அவர்கள் மீன் பிடிக்கிற முறையைப் பழித்துக்கொண்டிருக்கிறார்.

கம்பனி வெறுப்புக்கு ஒரு வரலாறு உண்டு. கொஞ்சக் காலத்துக்கு முன் நண்டு வாங்குகிற கம்பனி ஒன்று எங்கள் துறைக்கு வந்தது. முதல் வருடம் நல்ல விலை, இலவசமாகப் பெட்டி, ஐஸ், போதாக்குறைக்கு ஆளுக்கொரு தொப்பி. துறையில் இருந்த சின்னச் சின்ன வியாபாரிகள் எல்லோரும் கடையைக் கட்டினார்கள். அடுத்த வருடம் விலை பாதியாக விழுந்தது. வேறு யாருக்கு விற்பது? ஒருவரும் மிச்சமில்லை. அத்தான் அந்தத் தொப்பியை இன்னும் வைத்திருக்கிறார். கோழிக்கு அதில்தான் தவிடு குழைத்து வைக்கிறார்.

"முதல் வருசம் மாமன் மாதிரி வருவான். அடுத்த வருசம் மூஞ்சையைத் திருப்புவான்" என்பார், எந்த விளம்பரத்தைக் கண்டாலும்.

லெனாட் தன் சின்னக் கேபிள் சேவையைக் கொழும்புக் கம்பனி ஒன்றுக்கு விற்றதும் அதே கதைதான் நடந்தது. புதுப் பெட்டி வந்தது, படம் பளிச்சென்று தெரிந்தது, முதல் சில மாதம் எல்லாச் சனலும் ஓடியது. பிறகு ஒவ்வொன்றாகப் பூட்டினார்கள். கடைசியில் எங்கள் ஊர்ச் சனலையே நிறுத்தினார்கள். கோயில் திருநாள், பிள்ளைகளின் முதல் நன்மை, மரண அறிவித்தல் எல்லாம் அதில்தான் வரும். கீழே எழுத்து ஓடும். யார் செத்தது, எத்தனை மணிக்கு அடக்கம் என்று பார்த்துவிட்டுத்தான் ஊரில் பலர் சட்டையை அயன் பண்ணுவார்கள். அது நின்ற கிழமையே அத்தான் ஒரு செத்தவீட்டைத் தவறவிட்டார். செத்தவர் அவரோடு ஒரே வள்ளத்தில் தொழில் பார்த்தவர். அன்றைக்கு எனக்கும் அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

அவர் லெனாட்டை வழியில் மறித்தார்.

"எங்கடை சனல் எங்கையடா?"

"அதைப் பாக்க ஆள் காணாதாம் அண்ணை. நான் வித்துப்போட்டன். இப்ப அங்கை சம்பளத்துக்கு நிக்கிறன்."

"அப்ப ஆர் செத்ததெண்டு அறியிறதுக்கு நான் கொழும்புக்கு போன் எடுக்கோணுமோ?"

"எடுக்கலாம் அண்ணை. ஒரு பொம்பிளை கதைப்பா. தமிழுக்கு இரண்டை அமத்தச் சொல்லுவா."

அத்தான் நேரே வீட்டுக்கு வந்து, வலை அறுக்கிற கத்தியை எடுத்து, வயரை வெட்டினார். அந்த நேரம் நான் தையலோடு நாடகம் பார்த்துக்கொண்டிருந்தேன். மாமியார் பாலில் எதையோ கலந்தாள். மருமகள் கோப்பையை வாய்க்குக் கொண்டுபோனாள். அத்தோடு திரை கறுத்துப்போனது. அவள் குடித்தாளோ இல்லையோ, எனக்கு இன்றைக்கும் தெரியாது.

மதிலுக்கு மேலால் நான் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது. அத்தான் அசையவில்லை. "விசரி, கம்பனிக்காரன்ரை கயிறு கழுத்திலை கிடந்தது, அறுத்துவிட்டிருக்கிறன், நன்றி சொல்லு" என்றார். அக்கா கோபத்தைக் குழம்பில் காட்டுகிறவள். அந்தக் கிழமை முழுக்க அத்தான் உப்பில்லாத சொதியும் புளிக்காத மீன்குழம்பும் தின்றார்.

இந்த இடத்தில் கொலின்ஸைப் பற்றிச் சொல்லவேண்டும். அத்தானுக்கும் அக்காவுக்கும் ஒரே பிள்ளை. பிரான்ஸில் இருக்கிறான். கடல் அவனுக்கு ஒத்துவரவில்லை. தகப்பனோடு போன ஒவ்வொரு முறையும் கரை மறைய முன்னமே வயிற்றைப் பிரட்டிச் சத்தி எடுத்தான். "மீனுக்குச் சாப்பாடு போடுறதுக்கெண்டே ஒரு பிள்ளை பெத்திருக்கிறன்" என்று அத்தான் துறை முழுக்கச் சொல்லிச் சிரித்தார். பொடியன் அதைக் கேட்டுக்கொண்டு நின்றதை நான் கண்டிருக்கிறேன். பிறகு அவன் பாரிசுக்குப் போனான், கம்பனி ஒன்றில் சுப்பவைசர் என்று சொன்னான். அத்தான் கம்பனி என்ற சொல்லை விழுங்கிக்கொண்டு, சுப்பவைசர் என்ற சொல்லை மட்டும் ஊருக்குச் சொன்னார்.

போன வருடம் திருநாளுக்கு லியோன் என்றவர் பாரிசிலிருந்து வந்தார். நல்ல மனுசன், ஆனால் வாயில் பூட்டில்லை. கோயில் வாசலில் வைத்து, நாலு பேர் கேட்க, "அண்ணை, உங்கடை கொலின்ஸ்தான் எங்கடை வீட்டுக்குச் சாப்பாடு கொண்டுவந்து தந்தவன். மழையிலை நனைஞ்சுபோய் நிண்டவன், பாவம். நல்ல மரியாதையான பொடியன்" என்றார். போனில் ஓடர் எடுக்கிற கம்பனி ஒன்றுக்காகச் சைக்கிளில் சாப்பாடு கொண்டு ஓடுகிறானாம்.

அத்தான் திருநாள் சட்டையோடு வீட்டுக்கு வந்து அவனுக்குப் போன் எடுத்தார். அத்தான் போனைக் காதில் வைப்பதில்லை; காது கொஞ்சம் மந்தம், உள்ளங்கையில் வைத்து ஸ்பீக்கர் போட்டுத்தான் கதைப்பார். அதனால் நானும் அக்காவும் எல்லாம் கேட்டோம்.

"ஒருத்தனுக்குக் கீழையும் நிக்காதவன்ரை மோன், கம்பனிக்காரன் சூ எண்டால் ஓடுற நாயாய்ப் போனியேடா" என்றார்.

"நாயெண்டாலும் உழைச்சுத்தான் தின்னுறன் அப்பா" என்று சொல்லிக் கொலின்ஸ் போனை வைத்தான்.

அதற்குப் பிறகு அவன் தகப்பனோடு கதைக்கவில்லை. தாயின் போனுக்கு எடுப்பான். பின்னால் அத்தானின் இருமல் கேட்டால் "பிறகு எடுக்கிறன் அம்மா" என்று வைத்துவிடுவான். அத்தானும் அவனைப் பற்றிக் கேட்பதில்லை. ஆனால் அக்கா போனோடு கிணற்றடிக்குப் போனால் இவருக்கும் கிணற்றடியில் வேலை வந்துவிடும். காய்ந்துகிடக்கிற வாளியைத் திருப்பித் திருப்பிக் கழுவுவார். பாழ்பட்ட வீறாப்பு, வேறென்ன.

கேபிள் அறுந்த சங்கதியை அக்கா கொலின்ஸிடம் அழுதுகொண்டு சொன்னாள். அவன், என்னிடம் கணக்கொன்று இருக்கிறது, மாதாமாதம் கட்டுகிறேன், இன்ரநெற்றில் படமும் நாடகமும் எல்லாம் பார்க்கலாம், நீங்களும் அதிலேயே பாருங்கள் என்றான். "அப்பாவுக்கு மட்டும் என்ரை கணக்கெண்டு சொல்லாதையுங்கோ. பாக்கமாட்டார்" என்றான். போன் கடை சுபாஸ் வந்து ரீவியில் அதைப் போட்டுக் கொடுத்தான். வயர் இல்லாததை மதிலுக்கு மேலால் கிளை பிரிக்க வழியில்லை. ஆகவே நான் பின்னேரத்தில் என் கதிரையைத் தூக்கிக்கொண்டு அக்கா வீட்டு மண்டபத்தில் போய்க் குந்தத் தொடங்கினேன்.

அத்தானிடம் இது இன்ரநெற்றோடு சும்மா வருவது என்று சொன்னோம்.

"சும்மா ஆர் தருவான்? உவன் எங்களைத்தான் விக்கிறான்" என்றார். அதில் அவர் முழுக்கப் பிழை என்று சொல்லமாட்டேன். மறைத்துவைத்த கமரா என்று சொல்லி, ரீவியின் அடியில் எரிகிற சின்ன வெளிச்சத்துக்கு மேல் பிளாஸ்ரர் ஒட்டினார். நாங்கள் எதைப் பார்க்கிறோம் என்பதைக் கம்பனி கவனித்து, அதே மாதிரியானதை அடுத்த நாள் முன்னால் வைக்கிறது என்று கண்டதும் அவருக்கு அடி வயிறு எரிந்தது.

எங்கள் துறையில் ஒரு பழக்கம். நிறைந்த வள்ளத்தோடு வருகிறவனிடம் மீன் எங்கே பட்டது என்று கேட்கக்கூடாது. கேட்டால் "கடலிலை" என்பான். இன்னும் நெருக்கினால் மண்டைதீவுப் பக்கம் என்பான். அப்படியென்றால் அன்றைக்கு அவன் போனது பூநகரிப் பக்கம். அதை யாரும் பொய் என்று எடுப்பதில்லை. சுவாமியாரே பாவசங்கீர்த்தனத்தில் அதைக் கணக்கெடுப்பதில்லை என்று நினைக்கிறேன். ஆனால் கேட்காவிட்டால் என்ன, எல்லோரும் அறிந்துவிடுவார்கள். வலையில் ஒட்டிய சேற்றின் நிறம், சிக்கிய பாசி, வள்ளத்தில் மிஞ்சின எண்ணெய் எல்லாவற்றையும் கடைக்கண்ணால் பார்த்துக்கொண்டு, வானிலை பற்றிக் கதைத்துவிட்டுப் போவார்கள். அத்தான் இதில் பெரிய காய்.

அந்த மூளையைத்தான் ரீவியிலும் பாவித்தார். நாங்கள் ஒரு தமிழ்ப் படம் பார்த்து முடிந்தால், உடனே கொரியாக்காரரின் காதல் நாடகம் ஒன்றைப் போட்டு, சத்தத்தை நிறுத்தி, ஓடவிட்டுவிட்டுச் சாப்பிடப் போவார். "மீன் பட்ட இடம் அவனுக்குத் தெரியக்கூடாது. தேடட்டும்" என்பார். ஆளில்லாத மண்டபத்தில் ஒரு வெள்ளைப் பொடியனும் ஒரு வெள்ளைப் பெட்டையும் குடைக்குள் நின்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். கம்பனி ஏமாந்ததோ தெரியாது. கொலின்ஸ் ஏமாந்துபோனான். "அம்மா, திறந்தால் முழுக்கக் கொரியாக்காரர் கட்டிப்பிடிச்சுக்கொண்டு நிக்கினம். இஞ்சை அறையிலை இருக்கிற பொடியள் என்னைப் பகிடி பண்ணுறாங்கள்" என்று தாயிடம் முறைப்பட்டான்.

ஒரு பின்னேரம் அத்தான் ரிமோட்டோடு இருந்தவர் திடீரென்று எழும்பினார். பாதியில் விட்ட படங்களை வரிசையாக வைக்கிற இடம் ஒன்று உண்டு. ஒவ்வொரு படத்துக்கும் கீழே ஒரு சிவப்புக் கோடு. எவ்வளவு பார்த்தாயோ அவ்வளவுக்கு அது நீண்டிருக்கும். அந்த வரிசையில் பனிக்கடலில் நண்டு பிடிக்கிறவர்களைப் பற்றிய தொடர் ஒன்று நின்றது.

"உதை ஆர் பாத்தது? நீயோ?" என்று என்னைக் கேட்டார்.

"எனக்கென்ன விசரோ? நண்டைச் சட்டியிலை பாத்தால் போதும்."

"ஸ்ரெல்லா?"

அக்கா இல்லையென்று தலையாட்டினாள்.

"அப்ப ஆரோ உள்ளுக்கை இருந்து பாக்கிறான். நான் அண்டைக்கே சொன்னன். கம்பனிக்காரன் இரவிலை வந்து பாத்துப்போட்டுப் போறான்."

கட்டில் விரிப்பை எடுத்துவந்து ரீவியை மூடத் தொடங்கினார். எனக்குச் சிரிப்பு அடக்கமுடியவில்லை. அக்காவுக்கு அழுகை வந்துவிட்டது. அவள் விரிப்பைப் பிடித்து இழுத்தாள்.

"கம்பனியுமில்லை, பேயுமில்லை. அது என்ரை பிள்ளை. அவன்ரை கணக்கிலைதான் நாங்கள் இவ்வளவு நாளும் பாக்கிறம்."

அத்தான் விரிப்பைக் கையில் பிடித்தபடி நின்றார். பிறகு முற்றத்துக்குப் போய், ரீவிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கதிரையில் இருந்தார். சில நாள் அப்படியே இருந்தார். நாயென்று சொன்னவனின் காசில் படம் பார்க்கமாட்டாராம். நல்லது, எங்களுக்கு இடம் தாராளம் என்று நான் காலை நீட்டிக்கொண்டு இருந்தேன்.

ஆனால் கதிரை கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியது. முதலில் பக்கவாட்டாக, பிறகு வாசல்படிக்கு, பிறகு பழைய இடத்துக்கு. வந்து இருந்ததும் படம் பார்க்கவில்லை. ரிமோட்டை வாங்கி அந்த வரிசைக்குத்தான் போனார்.

"பாரன், சத்தி எடுத்த சாமான் நண்டு பிடிக்கிறதைப் பாக்குது" என்றார். குரலில் பகிடி இருந்தது, முகத்தில் இல்லை.

அன்றிலிருந்து அது ஒரு தொழிலாகிவிட்டது. விடியத் தேத்தண்ணியோடு ரீவியைப் போட்டுச் சிவப்புக் கோட்டைப் பார்ப்பார். பின்னேரமும் பார்ப்பார். கொரியா நாடகத்தை நிறுத்திவிட்டார். இடத்தைக் கலக்கினால் தடம் தெரியாது என்று அவருக்குத் தெரியாதா? எவனோ ஒரு கம்பனிக்காரன் எங்களை ஒளித்திருந்து பார்க்கிறான் என்று குதித்த மனுசன், இப்போது தன் பிள்ளையை ஒளித்திருந்து பார்த்தார். நான் அதை முகத்துக்கு நேரே சொன்னேன். "அவன் காசுக்குப் பாக்கிறான். நான் பெத்ததுக்குப் பாக்கிறன்" என்றார்.

அந்தக் கோட்டிலிருந்து அவர் கண்டுபிடித்தவற்றைக் கேட்டால் நம்பமாட்டீர்கள்.

"பத்து நிமிசத்திலை நிண்டுபோச்சு. நேற்றும் அப்பிடித்தான். பாத்துக்கொண்டே நித்திரையாய்ப் போறான். உடம்பு அலுப்பு."

இன்னொரு நாள், "இண்டைக்கு ஒரு பாகம் முழுக்கப் பாத்திருக்கிறான். லீவு போலை."

"கேக்கலாமே அத்தான், போன் கிடக்குத்தானே" என்பேன்.

"நான் ஏன் கேக்கிறன்? எனக்கெல்லாம் தெரியுது" என்பார்.

ஒரு கிழமை கோடு தறிகெட்டு ஓடியது. விடியப் பார்த்தபோது ஒரு பாகத்தில் நின்றது, பின்னேரம் பார்த்தால் மூன்று நான்கு பாகம் தாண்டியிருந்தது. அடுத்த நாளும் அப்படியே. அத்தான் கதிரையின் நுனிக்கு வந்துவிட்டார்.

"இஞ்சை பின்னேரமெண்டால் அங்கை மத்தியானம். மத்தியானத்திலைதான் சனம் சாப்பாட்டுக்கு ஓடர் குடுக்கிறது. அந்த நேரம் சைக்கிளிலை நிக்கவேண்டியவன் என்னத்துக்கு நண்டு பாக்கிறான்? ஸ்ரெல்லா, கேள் அவனை."

அக்கா கேட்டாள். சுகமாக இருக்கிறேன், வேலைக்குப் போய்வருகிறேன், பனிதான் கூடுதல் என்று அவன் சொன்னான். அக்காவுக்கு மனம் ஆறிவிட்டது. அத்தானுக்கு ஆறவில்லை.

"பொய் சொல்லுறான்."

"என்ரை பிள்ளை என்னட்டைப் பொய் சொல்லாது."

"என்ரை பிள்ளையுந்தான். மீன் பட்ட இடத்தை ஒளிக்கிறான். உனக்கு விளங்காது."

அவர் சாப்பிடவில்லை. துறைக்குப் போனவர் வலை பொத்தாமல் திரும்பிவந்தார். யாரையும் பழிக்கவும் இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. என்னிடம் வந்து, "நீ ஒருக்கா எடுத்துக் கேளன் சுவர்ணா, சின்னம்மாவுக்குச் சொல்லுவான்" என்று கெஞ்சினார். அந்த மனுசன் கெஞ்சி நான் கண்டதில்லை. ஆனாலும் நான் மாட்டேன் என்றேன். "நாயெண்டது நீங்கள். கேக்கவேண்டியதும் நீங்கள்" என்று சொல்லிவிட்டேன்.

அதற்கடுத்த பின்னேரம் ரீவியைப் போட்டால் வரிசையும் இல்லை, கோடும் இல்லை. கறுப்புத் திரையில் இங்கிலிசில் ஏதோ எழுதியிருந்தது.

"வாசி" என்றார் அத்தான்.

நான் படித்த இங்கிலிசு அளவெடுக்கவும் பில்லு எழுதவும் காணும். இருந்தாலும் இது விளங்கியது. "இந்த ரீவி இந்தக் கணக்கு வைச்சிருக்கிறவரின்ரை குடும்பத்தைச் சேர்ந்ததில்லையாம். வேறை வீட்டிலை இருந்து இனிப் பாக்கேலாதாம்."

"திருப்பி வாசி."

திருப்பி வாசித்தேன்.

"குடும்பம் இல்லையோ?" என்றார். "ஆர் உவன் அதைச் சொல்லுறதுக்கு?"

கீழே இன்னும் எழுதியிருந்தது. தற்காலிகமாகப் பார்க்கவேண்டுமென்றால் கணக்குக்காரரின் போனுக்கு ஒரு நம்பர் அனுப்புவார்களாம், அதைக் கேட்டுக் கால் மணித்தியாலத்துக்குள் இங்கே அமத்தவேண்டுமாம். அமத்தினால் கொஞ்ச நாளைக்கு விடுவார்களாம். பிறகு திரும்பவும் கேட்கவேண்டுமாம்.

அத்தான் அக்காவைப் பார்த்தார். அக்கா தன் போனை எடுத்து, கொலின்ஸின் பெயரை அமத்தி, மணி அடிக்க அடிக்க அவர் கையில் வைத்துவிட்டு, குசினிக்குப் போய்விட்டாள். என் அக்கா இவ்வளவு துணிச்சல்காரி என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். நான் நம்பர் அனுப்பச் சொல்லி ரிமோட்டை அமத்தினேன்.

"அம்மா, சொல்லுங்கோ" என்றான் கொலின்ஸ்.

"அம்மா இல்லை. நான்."

வைத்துவிடுவான் என்றுதான் நினைத்தேன். வைக்கவில்லை.

"ரீவியிலை எழுதிக் கிடக்கு, நாங்கள் உன்ரை குடும்பம் இல்லையெண்டு. உனக்கு ஒரு நம்பர் வந்திருக்கும். அதைச் சொல்லு."

அவன் நம்பரைச் சொன்னான். நான் அமத்தப் போனேன். "பொறு" என்று அத்தான் என் கையைப் பிடித்தார். பிறகு போனிடம் கேட்டார்:

"எந்தக் கால்?"

"என்ன?"

"முறிஞ்சது எந்தக் காலெண்டு கேக்கிறன்."

குசினியில் அகப்பைச் சத்தம் நின்றது.

"ஆர் உங்களுக்குச் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லேல்லை. மத்தியானத்திலை வேலைக்கு நிக்கிறவன் மத்தியானம் முழுக்க நண்டு பாக்கிறான். காய்ச்சலெண்டால் நித்திரையாய்க் கிடப்பாய். கையெண்டால் நீ வீட்டிலை இருக்கமாட்டாய், எங்கையாவது திரிவாய். அதாலை காலெண்டு பிடிச்சன்."

"இடது கால்" என்றான் கொலின்ஸ். "மழையிலை சைக்கிள் வழுக்கினது. இப்ப பறவாயில்லை. அம்மாட்டைச் சொல்லாதையுங்கோ."

அவனுடைய அம்மா குசினி வாசலில் நின்று வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

"கம்பனி பாத்ததோ?"

"இல்லை. நான் தங்கடை வேலையாள் இல்லையெண்டு சொல்லுகினம். சொந்தமாய் ஓடுற ஆளாம். சாப்பாடு கொட்டுப்பட்டதுக்குத்தான் விளக்கம் கேட்டவை."

அத்தான் கறுப்புத் திரையைப் பார்த்தார். "உன்னை வேலையாள் இல்லையெண்டிட்டாங்கள். என்னைக் குடும்பம் இல்லையெண்டிட்டாங்கள். அப்ப உவங்கள் ஆரைத்தான் ஆளெண்டு கணக்கெடுத்திருக்கிறாங்கள்?" என்றார்.

அந்தப் பக்கம் கொலின்ஸ் சிரித்தான். அது போதும், அத்தானுக்கு மடை திறந்துவிட்டது. இரண்டு கம்பனியின் முதலாளிமாரையும், அவர்களின் பரம்பரையையும், வள்ளத்தில் மட்டும் பேசுகிற தமிழில் வரிசையாக எடுத்தார். சில சொற்கள் எனக்கே புதிது. முடித்துவிட்டு மூச்சு வாங்கினார். பிறகு குரல் இறங்கிப்போனது.

"அண்டைக்கு நான் சொன்ன சொல்லு உனக்கில்லை மோனை. அது அவங்களுக்குச் சொல்லவேண்டிய சொல்லு. அவங்கள் என்ரை வாய்க்கு அகப்படேல்லை, நீ அகப்பட்டாய். அது பிழை. நீ மழையிலை நிண்டதெண்டு லியோன் சொன்னவுடனை எனக்கு நெஞ்சுக்கை என்னவோ செய்தது. அதைச் சொல்லத் தெரியாமல் நாயெண்டிட்டன்."

கொலின்ஸ் அழுகிறான் என்று கேட்டது. அத்தானும் கண்ணைத் துடைத்தார். எனக்கும் வந்ததுதான், யாருக்கு மறைக்கிறது.

"சாப்பாட்டுக்கு என்ன செய்யிறாய்?"

"போனிலைதான் ஓடர் பண்ணுறன்."

"அப்ப வேறை ஆற்றையோ பிள்ளை மழையிலை கொண்டுவாறான்."

"ஓம். உள்ளை கூப்பிட்டு இருத்தித் தேத்தண்ணி குடுத்துத்தான் அனுப்புறனான்."

"அது சரி" என்றார் அத்தான். பிறகு அக்கா போனைப் பறித்து, பொய் சொன்னதற்குப் பேசி, காலுக்கு என்ன மருந்து என்று கேட்டு, திரும்பவும் பேசினாள். அவர் பறித்தார், அவள் பறித்தாள். நான் ரிமோட்டோடு காவல் நின்று, கடைசியில் நம்பரை அமத்திப் பார்த்தேன். நேரம் தாண்டிப்போனது, புதிது கேட்கவேண்டும் என்று எழுதி வந்தது.

"அத்தான், நம்பர் காலாவதியாம்."

கொலின்ஸுக்கு அது கேட்டது. "பொறுங்கோ அப்பா, உங்கடை வீட்டையும் மேலதிகமாய்ச் சேத்துவிடுறன். கொஞ்சம் கூடக் கட்டினால் சரி. இல்லாட்டில் ஒவ்வொரு முறையும் நீங்கள் என்னட்டை எடுத்து நம்பர் கேட்டுக்கொண்டு இருக்கோணும்."

அத்தான் கதிரையில் நிமிர்ந்து இருந்தார்.

"கட்டாதை" என்றார். "அவங்களுக்கு இனி ஒரு சதமும் கூடக் குடுக்காதை. நான் எடுத்துக் கேக்கிறன்."

"ஒவ்வொரு முறையுமோ?"

"ஓம். ஒவ்வொரு முறையும்."